மணலிற் கிடக்கும் சாட்சி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோணேசப் பெருமான் எழுந்தருளியிருக்கும் மலையை நாம் நாள்தோறும் வணங்குகின்றோம். அம்மலையின் கல் எக்காலத்தது என்று கேட்பவர் நம்முள் மிகச் சிலரே. அக்கேள்வியைப் பற்றியும், அதற்கு விடை தேடுவதையே தொழிலாகக் கொள்வதைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

திருகோணமலையிலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் புல்மோட்டை. அங்குள்ள கரிய மணலில் இல்மனைற், ரூட்டைல், மொனசைற், சிர்க்கோன் முதலிய கனிப்பொருள்கள் உண்டென்பது நம் மாவட்டத்தார் அறிந்ததே. இவற்றுள் சிர்க்கோன் பார்வைக்கு அற்பமான ஒரு மணி. ஆயினும் பூமியின் இளமைக் காலத்தைப் பற்றிச் சாட்சி சொல்வதில் அதற்கு நிகரான கனிப்பொருள் வேறில்லை.

அஃது எவ்வாறெனின், பாறைக் குழம்பிலிருந்து சிர்க்கோன் பளிங்காக உறையும்போது சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. உட்புகுந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகின்றது. யுரேனியம் 238 பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் செல்லும். ஆகவே மணியினுள் எஞ்சிய யுரேனியத்தையும் சேர்ந்த ஈயத்தையும் அளந்தால், அம்மணி பிறந்த காலம் கணக்கில் வந்துவிடும்.

நமது சைவ சித்தாந்த நூல்கள் காட்சி, கருதல், உரை என அளவைகளைக் கூறும். மலையிலே புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது கருதல். ஈயத்தைக் கண்டு காலத்தைத் துணிவதும் அவ்வளவையே. தருக்கம் பயின்ற சமூகத்துக்கு இவ்வாராய்ச்சி அந்நியமானதன்று.

மேற்கு அவுஸ்திரேலியாவின் யாக் குன்றுகளில் கிடைத்த ஒரு சிர்க்கோன் மணி ஏறக்குறைய 440 கோடி ஆண்டு பழையது என 2001ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பூமியின் வயதோ 454 கோடி. அம்மணியின் ஒட்சிசன் சமதானிகளை ஆராய்ந்தோர், அத்துணை முற்காலத்திலேயே பூமியில் நீர் இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதினர். கடலும் கரையும் தோன்றிய கதைக்கு ஒரு மணல்மணி சாட்சி!

நம் தீவுக்கும் இதிற் பங்குண்டு. நடு மலைநாட்டிலிருந்து வடகிழக்கே நம் பகுதி வரை நீளும் பாறைத் தொகுதி, இற்றைக்கு 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. ஆனால் நம் தீவின் பாறைகளிலிருந்து எடுத்த சில சிர்க்கோன் மணிகள் 300 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை என்பதை 1987இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. கல் உருமாறியும் மணி தன் பிறப்பை மறக்கவில்லை. அந்த அளவீட்டுக்குக் கல் நம்முடையது; கருவி அவுஸ்திரேலியாவின் கன்பராவில் இருந்தது.

இந்நிலை புதியதன்று. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமியை நாம் சிவநடனத்தின் தத்துவத்தை உலகுக்கு உரைத்தவராகவே அறிவோம். அவரே 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளர். தோரியனைற் என்னும் கனிப்பொருள் உலகறிய வந்தது அவர் தேடலின் வழியே. 1907இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் போல்ற்வுட் என்பார் கனிப்பொருள்களின் வயதைக் கணித்தபோது, இலங்கைத் தோரியனைற்றும் அப்பட்டியலில் இடம்பெற்றது. தோரியமும் ஈயமாக மாறும் என்பது அப்போது கணக்கிற் சேராமையால் அவ்வயது மிகுதியாயிற்று. பின்னையோர் அதனைத் திருத்தினர்.

பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று புராணம் கூறுவதை எடுத்துக்காட்டி, எல்லாம் நம் முன்னோர் சொல்லியவையே என அமைதி கொள்வாரும் உளர். எண்கள் அண்மித்து நிற்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது பிரமாணமாகாது. தவறான கணக்கைத் திருத்திக்கொண்டே செல்லும் நெறியிலே நம் பிள்ளைகளும் உழைக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

வழி எது? உயர்தரத்தில் விஞ்ஞானம் பயின்றோர்க்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே புவிச்சரிதவியலுக்கெனத் தனித் துறை உண்டு. பட்டத்தின் பின் ஆராய்ச்சி உதவியாளர், அதன்பின் கலாநிதிப் பட்டம், அதன்பின் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ ஆராய்ச்சிப் பதவி. கல்லை இடித்து, சலித்து, உருப்பெருக்கியின் கீழ் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மெருகிட்டு, கருவியில் வைத்து அளப்பதே வேலை. பொறுமையில்லார்க்கு இது ஆகாது.

பெரியோர்கள் கேட்பார்கள்: “தம்பி, உத்தியோகம் நிரந்தரமோ? ஓய்வூதியம் உண்டோ?” நியாயமான கேள்வி, மறைத்துப் பேசுதல் தகாது. இத்தகைய பதவிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கே. முடிந்தபின் வேறிடம் தேடவேண்டும். கலியாணப் பேச்சிலே வைத்தியர், பொறியியலாளர் என்னும் பெயர்க்குள்ள மதிப்பும் இதற்கில்லை.

ஆயினும் காலியிலே 1923இற் பிறந்த சிறில் பொன்னம்பெருமாவை நினைத்துப் பாருங்கள். 1948இற் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றது தத்துவத்திலே. இரசாயனத்திற் பட்டம் பெற்றதோ இலண்டனில் 1959இல், முப்பத்தைந்து வயது கடந்தபின்! 1962இற் பேர்க்லியிற் கலாநிதியானார். ஆதிப் பூமியில் உயிரின் மூலப்பொருள்கள் எவ்வாறு தோன்றின என்பதே அவர் ஆராய்ச்சி. 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில் அமினோவமிலங்கள் இருந்ததை அவர் குழுவினர் 1970இல் வெளியிட்டனர். மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய அவர், 1984இல் கண்டியிலுள்ள அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தின் பணிப்பாளர் பொறுப்பையும் ஏற்றார். பிந்திப் படித்தமை அவருக்குக் குறையாகவில்லை.

இளைஞர்களே, கரையிலே நடக்கும்போது ஒரு பிடி மணலை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குங்கள். பெரியோர்களே, உங்கள் மகனோ மகளோ “கல்லைப் படிக்கப் போகின்றேன்” என்று சொன்னால், மறுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: நமது நூல்நிலையத்திலே திருமுறைகள் இருக்கும் அறையில், புவிச்சரித நூல்களுக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். நம் மண்ணின் வயதை நம்மவரே அளந்து உரைக்கும் நாள் வரட்டும்.

கோணேசப் பெருமான் திருவருள் முன்னிற்பதாக.