பரீட்சை ஒரு நாள், படிப்பு வருஷம் முழுக்க

(திருத்தணியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுவுக்கு கிரேடிங் போட வந்தவங்க எதைப் பார்த்தாங்க? அன்றைக்கு வந்த கூட்டத்தை மட்டுமா? ஆறு மாதத் தீர்மானப் புத்தகம், வருகை, சேமிப்பு, கடன் திருப்பியது எல்லாத்தையும் புரட்டித்தான் தரம் போட்டாங்க. அது நியாயம் என்று ஏற்றுக்கொண்டோம். ஆனால் பெற்ற பிள்ளையை மட்டும் ஒரு நாள் பரீட்சையை வைத்து எடை போடுகிறோமே, சரியா?

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு அது வந்தது. நூறு மார்க்கில் 60 பருவத் தேர்வுக்கு. மீதி 40இல், 20 வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கு, 20 சிறு தேர்வுகளுக்கு. விளையாட்டு, நல்ல பழக்கம், வாழ்க்கைத் திறனையும் பார்க்கச் சொன்னார்கள்.

நம்ம எல்லைப் பக்கத்தில் பல வீட்டில் தெலுங்குதான் பேச்சு. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் தமிழில் மார்க் குறைந்து வீட்டில் அடி வாங்கினாள். சேர்ந்து போய் டீச்சரைப் பார்த்தோம். அவங்க குறிப்பேட்டைக் காட்டினாங்க. கணக்கில் கெட்டி, கதை சொன்னால் வகுப்பே கேட்கும், ண-ன எழுதத்தான் தடுமாற்றம். "அடிக்காதீங்கம்மா, தினமும் பத்து வரி சத்தமா வாசிக்க வைங்க" என்றாங்க. வீட்டில் அதைத்தான் இப்போது செய்கிறோம். வெறும் மார்க் இதைச் சொல்லியிருக்குமா?

எங்கள் தப்பையும் சொல்லணும். பிள்ளை செய்ய வேண்டிய சார்ட்டை கடையில் வாங்கி ஒட்டி அனுப்பினோம். அந்த மார்க் பிள்ளைக்கா, கடைக்காரருக்கா? டீச்சருக்கும் பதிவேடு எழுதும் வேலை கூடுகிறது. பொறுமையாகப் பேசணும்.

2019இல் 5, 8ஆம் வகுப்புக்கு பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பயம் போனது நல்லது. ஆனால் பாஸ் ஆவதால் மட்டும் பிள்ளை படித்துவிட்டதாக ஆகாது. அதை நாம்தான் கவனிக்கணும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்கணும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போங்க. "எத்தனை மார்க்?" என்று கேட்காமல், "எதில் தடுமாறுது, வீட்டில் நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்க.

நம்ம மலைக்கு 365 படி. டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்கிறோம், கடைசிப் படிக்கு மட்டும் இல்லை. பிள்ளை ஏறுகிற படியையும் அப்படியே பார்ப்போம்.