கேள்வி ஞானமும் கீழ்ச்சுரமும்
(வெள்ளிவிழா ஆயத்தக் கூட்டத்தில் பாடகர் குழுவினருக்கு நாம் ஆற்றிய உரை)



விழா நாளன்று நமது குழுவில் பேஸ் கிட்டார் மீட்டும் தம்பியை நிறுத்திவிட்டு, வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ளலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். காரணம் நீங்கள் அறிந்ததே. சென்ற மாதம் காணிக்கைப் பாடலை ஒருவர் அரைச்சுரம் உயர்த்தித் தொடங்கிவிட்டார். கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திச் சமாளித்துக்கொண்டார். தம்பியோ தாளில் எழுதியிருந்தபடியே இறுதிவரை மீட்டினார். பீடத்தில் நின்ற நமக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆயினும் அவரை நிறுத்த நாம் இசையவில்லை. காரணம் சொல்லச் சற்று நாணமாயிருக்கிறது. குருமடத்தில் நாமும் பேஸ் வரிசையில் நின்றவரே. இரண்டாண்டுகள் மேற்குரலின் மெட்டையே ஒரு ஸ்தாயி தாழ்த்திப் பாடிக்கொண்டு, அதுவே பேஸ் என்று நம்பியிருந்தோம்! ஒருநாள் ஆசிரியத் தந்தை ஆர்மோனியத்தை மூடிவிட்டுத் தனியே பாடச் சொன்னபோது குட்டு வெளிப்பட்டது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "உமக்குக் குரல் இருக்கிறது, நீர் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை" என்றார்.

கீழ்ச்சுரத்தைக் கேட்பது எளிதன்று. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அத்துணைத் தாழ்ந்த ஒலியில் நமது செவி மந்தமானது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியோ அதை வெளியிடுவதேயில்லை. மேலெழும் துணையொலிகளைக் கொண்டு செவிதான் ஊகித்துக்கொள்கிறது. ஆகவே பாடம் கேட்கக் காதுக்கருவி மாட்டிக்கொள்ளுங்கள்.

விரலுக்கு முன் வாய் கற்கட்டும். சுருதிப் பெட்டியை வைத்து ச பிடித்து, ப பாடுங்கள், ம பாடுங்கள், மீண்டும் ச-வுக்கு இறங்குங்கள். நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ச-ம இடைவெளியில் கூட்டப்பட்டவை; ஆகையால் பாடிய தூரத்தைக் கை உடனே கண்டுகொள்ளும். நம் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு ச, ம, ப மூன்றுமே அடித்தளம். பாட்டு எந்தச் சொல்லில் வீட்டை விட்டுப் புறப்படுகிறது, எந்தச் சொல்லில் திரும்புகிறது என்று கவனித்தால் தாள் வேண்டியதில்லை. யார் எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அந்தத் தூரம் மாறாது.

நம் முண்டியம்பாக்கத்திலேயே இலவச ஆசிரியர்கள் உண்டு. ஆலை ஓடும் நாட்களில் அதன் ரீங்காரத்தையே தம்புராவாகக் கொண்டு ப பாடிப் பாருங்கள். நமது நிலையத்தில் நில்லாமல் பறக்கும் விரைவு ரயிலின் ஊதலைக் கேளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நம்மைக் கடக்கும்போது, ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் கீழிறங்கும். அதை வாயால் பிடிக்க நமக்குப் பல நாள் ஆயிற்று.

பண்ணைப்புரத்திலிருந்து சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்ற இளையராஜாவின் பாடல்களையும் கேளுங்கள். குரல் ஒரு வழி செல்ல, அடியில் பேஸ் தனி மெட்டாக நடப்பதைக் காண்பீர்கள். சினிமாப் பாட்டா என்று மூத்தோர் முகம் சுளிக்க வேண்டாம். கற்கத்தான் சொல்கிறோம், பூசையில் வாசிக்க அன்று. 1903-இல் பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவையே தடுத்தார். 1963-இல் சங்கமோ வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளுக்கும் இடமளித்தது. தகுதி என்பது கருவியை மட்டுமா பொறுத்தது? மீட்டுபவரின் செவியையும் பொறுத்தது என்பதே நம் எண்ணம்.

ஆகவே விழாவன்று தம்பியே மீட்டுவார். அதுவரை சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. முதல் அரைமணி நேரம் எந்தக் கருவியும் திறக்கப்படாது; எல்லாரும் கீழ்ச்சுரத்தை வாயால் பாடுவோம். சுருதி அரையோ ஒன்றோ ஏறும், இறங்கும், முன்கூட்டிச் சொல்லமாட்டோம். பாட்டுத் தாள்களை வாசலிலேயே வாங்கிக்கொள்வோம், நம்முடையது உட்பட.