கையெழுத்திட ஆளில்லாத சம்பளம்

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை. வட அயர்லாந்தில் அன்று பஸ்கள் பணிமனையைவிட்டு வெளியே வரவில்லை. ரயில்கள் ஓடவில்லை. பெரும்பாலான பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை நடந்தது. தள்ளிப்போடக்கூடியவை எல்லாம் தள்ளிப்போடப்பட்டன. பனியும் உறைபனியும் பற்றி வானிலைத் துறை எச்சரித்திருந்த வாரம் அது. அப்படிப்பட்ட நாட்களில் வாகனங்கள் வழுக்காமல் இருக்க விடியுமுன்பே சாலைகளில் உப்புத் தூவும் ஊழியர்களும் வேலைக்குப் போகவில்லை. முக்கியமான சில நெடுஞ்சாலைகளுக்கு மட்டும் உப்பு கிடைத்தது. அவசியம் இருந்தாலொழிய வெளியே கிளம்ப வேண்டாம் என்று சாலைத் துறையே கேட்டுக்கொண்டது.

ஆசிரியர்கள், நர்சுகள், பஸ் ஓட்டுநர்கள், அலுவலக எழுத்தர்கள், பள்ளி உணவுக்கூடப் பணியாளர்கள் என்று 16 தொழிற்சங்கங்களைச் சேர்ந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள். வட அயர்லாந்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 19 லட்சம். அப்படியானால் கைக்குழந்தை முதல் முதியவர் வரை எல்லோரையும் சேர்த்து எண்ணினாலும் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு ஒருவர். ஒரு தலைமுறைக் காலத்தில் அங்கே இவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் நடந்ததில்லை.

கோரிக்கை சம்பள உயர்வு. அதில் புதுமை ஏதும் இல்லை. புதுமை வேறோர் இடத்தில் இருந்தது. சம்பள உயர்வுக்கான பணம் ஒதுக்கத் தயாராக இருப்பதாக லண்டன் அரசு ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. கேட்கிறவர்கள் இருந்தார்கள், பணமும் இருந்தது. பணத்தை வாங்கிக் கொடுப்பதற்கு பெல்ஃபாஸ்டில் ஓர் அரசாங்கம்தான் இல்லை.

அரசாங்கம் ஏன் இல்லை என்பதற்கு 1998-க்குப் போக வேண்டும். பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதிகளுக்கும், அயர்லாந்துக் குடியரசோடு இணைய விரும்பும் தேசியவாதிகளுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் நீடித்த ரத்தக்களரியை அந்த ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தம் முடிவுக்குக் கொண்டுவந்தது. முதல் தரப்பில் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள், இரண்டாவது தரப்பில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஒரு தரப்பு மற்றதை ஆள முடியாதபடி ஆட்சி வடிவமைக்கப்பட்டது. முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் எதிரெதிர்த் தரப்பிலிருந்து வர வேண்டும். பெயரில்தான் துணை, அதிகாரத்தில் இருவரும் சமம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போய்விடும். சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கக்கூட இரு தரப்பின் ஆதரவும் தேவை. இரண்டு அறங்காவலர்களிடம் ஆளுக்கொரு சாவி இருக்கும் கோயில் உண்டியலைப் போன்ற ஏற்பாடு. ஒருவர் தனியாகத் திறந்துவிட முடியாது. ஒருவர் வராமலே இருந்துவிட்டால் உண்டியல் திறக்கப்படாமலே கிடக்கும்.

இந்த முறை சாவியோடு ஒதுங்கியது ஜனநாயக ஒன்றியக் கட்சி. டியூபி என்பது அதன் சுருக்கப் பெயர். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியபோது, அயர்லாந்துத் தீவுக்குள் சுங்கச் சாவடிகள் முளைத்துவிடக் கூடாது என்பதற்காக, சோதனை கடலுக்கு நகர்த்தப்பட்டது. பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்குச் சொந்த நாட்டுக்குள்ளேயே சோதனை என்றாயிற்று. தங்களை பிரிட்டனிலிருந்து அறுத்துவிடும் ஏற்பாடாக அதை ஒன்றியவாதிகள் பார்த்தார்கள். 2022 பிப்ரவரி 3 அன்று டியூபியைச் சேர்ந்த முதல் அமைச்சர் பால் கிவன் பதவி விலகினார். மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் 90 இடங்களில் தேசியவாதக் கட்சியான சின் ஃபெயின் 27 இடங்களைப் பிடித்து வரலாற்றில் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்தது. 25 இடங்கள் பெற்ற டியூபி, கடல் எல்லைச் சிக்கல் தீரும்வரை சபாநாயகர் தேர்தலுக்கே சம்மதிக்க முடியாது என்றது. 2023 பிப்ரவரியில் பிரதமர் ரிஷி சுனக் ஐரோப்பிய ஒன்றியத்தோடு, கடல் சோதனைகளைக் குறைக்கும் விண்ட்சர் உடன்பாட்டைச் செய்த பிறகும் டியூபி அசையவில்லை.

கிவன் விலகிய பின் காபந்தாகத் தொடர்ந்த மற்ற அமைச்சர்களின் காலம் 2022 அக்டோபர் 28-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பின் துறைகளை நடத்தியவர்கள் துறைச் செயலர்கள். அன்றாட நிர்வாகத்துக்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கொள்கை முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. பட்ஜெட்டை லண்டனிலிருந்து வட அயர்லாந்துக்கான அமைச்சர் கிறிஸ் ஹீட்டன்-ஹாரிஸ் வகுத்தார். 2023-24-க்கு அவர் கொடுத்தது 1,420 கோடி பவுண்டு. முந்தைய ஆண்டில் வரம்பு மீறிச் செலவான 29 கோடியே 70 லட்சம் பவுண்டு வேறு தலைக்கு மேல் தொங்கியது. செயலர்கள் வெட்டக்கூடிய இடத்திலெல்லாம் வெட்டினார்கள். விடுமுறை நாட்களில் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கொடுக்கப்பட்டுவந்த உதவித்தொகை நின்றது அப்படித்தான். சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளமும் 27.5 சதவீதம் குறைக்கப்பட்டது. சபையே கூடாதபோதும் மீதிச் சம்பளம் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததை, உயர்வுக்காகக் காத்திருந்தவர்கள் கவனிக்காமல் இல்லை.

அந்தக் காலத்தில் விலைவாசி சும்மா இருக்கவில்லை. 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நீண்ட போராட்டங்களுக்குப் பிறகாவது ஊதிய ஒப்பந்தங்கள் முடிந்தன. வட அயர்லாந்தில் பேரம் பேச எதிரே ஆள் இல்லை. புதிதாகச் சேரும் ஆசிரியர் இங்கிலாந்தில் 30,000 பவுண்டு ஆண்டுச் சம்பளத்தில் தொடங்கியபோது பெல்ஃபாஸ்டில் 24,137 பவுண்டில் தொடங்கினார். இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு மணி நேர விமானப் பயணம். நர்சுகளும் இளம் ஆசிரியர்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் வியப்பில்லை. 2023 முழுவதும் தனித்தனியாக வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஏப்ரலில் ஆசிரியர்கள் ஒரு நாள், டிசம்பரில் பஸ், ரயில் ஊழியர்கள் சில நாட்கள் என்று ஒவ்வொரு சங்கமும் தன் பங்குக்குக் கதவைத் தட்டியது.

2023 டிசம்பரில் ஹில்ஸ்பரோ கோட்டையில் கட்சிகளோடு பேச்சு நடத்திய ஹீட்டன்-ஹாரிஸ் மொத்தம் 330 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தார். அதில் 58 கோடியே 40 லட்சம் பவுண்டு அரசு ஊழியர்களின் சம்பளப் பாக்கிக்கு. இங்கிலாந்தில் ஒருவருக்கு 100 பவுண்டு செலவாகும் சேவைக்கு வட அயர்லாந்தில் 124 பவுண்டு தேவை என்ற கணக்கும் அந்தத் திட்டத்தில் ஏற்கப்பட்டது. சிதறிய கிராமங்களும் நலிந்த உடல்நலமும் கொண்ட பகுதிக்குச் செலவு கூடுதல் என்பது நெடுநாள் வாதம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. டியூபி அவைக்குத் திரும்பி, அமைச்சரவை அமைந்தால்தான் பணம்.

ஹீட்டன்-ஹாரிஸின் வாதம் சட்டப் புத்தகத்தை ஒட்டியது. சம்பளம் என்பது பெல்ஃபாஸ்ட் ஆட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட பொருள். அதில் லண்டன் தலையிட்டால் தன்னாட்சிக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுபோல் ஒலித்தாலும் அதன் பலவீனம் வெளிப்படையாகவே தெரிந்தது. அதே பெல்ஃபாஸ்ட் ஆட்சியின் பட்ஜெட்டை வகுத்தவர் அவர். சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தைக் குறைத்ததும் அவர்தான். குறைக்கும்போது இருந்த அதிகாரம் கொடுக்கும்போது மட்டும் காணாமல் போனதை எந்தத் தொழிற்சங்கமும் ஏற்கவில்லை. கட்சிகளும் ஏற்கவில்லை. ஊழியர்களின் கோரிக்கை நியாயமானது, பணத்தை உடனே கொடுங்கள் என்று டியூபியே சொன்னது. அவைக்குத் திரும்பினால் பணம் மறுநாளே வரும் என்று மற்ற கட்சிகள் அதற்குப் பதில் சொன்னாலும், நிபந்தனையை அவையும் கண்டித்தன. நர்சின் சம்பளத்தைக் காட்டி ஒரு கட்சியை மடக்கப் பார்க்கிறார்கள் என்பதே தெருவில் எல்லோரும் பேசிய பேச்சு.

சங்கங்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக நடந்துகொண்டன. டியூபியை அவைக்குத் துரத்துவதற்கான போராட்டம் என்று அவை ஒருபோதும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. வட அயர்லாந்தில் குடியிருப்புகள் பல இன்னும் மதவாரியாகப் பிரிந்தே இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இரு தரப்பும் அன்றாடம் ஒன்றாகச் சேரும் இடங்களில் முக்கியமானது வேலைத்தலம். நிப்சா, யூனிசன், யுனைட் போன்ற சங்கங்களில் டியூபிக்கு ஓட்டுப் போட்டவரும் சின் ஃபெயினுக்கு ஓட்டுப் போட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அரசியல் பேசினால் சங்கம் உடையும். சம்பளம் பேசினால் நிற்கும். ஆகவே கோரிக்கையை லண்டனை நோக்கியே வைத்தார்கள்: பணத்தைக் கொடுங்கள், அரசியலை அரசியல்வாதிகளோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கவனத்தில் பழைய நினைவும் ஒன்று கலந்திருந்தது. 1974 மே மாதம் இரண்டு வாரம் நடந்த அல்ஸ்டர் தொழிலாளர் மன்ற வேலைநிறுத்தம், அப்போது புதிதாக அமைந்த அதிகாரப் பகிர்வு அரசையே கவிழ்த்தது. பாலிலம்ஃபர்ட் மின் நிலையத்தின் உற்பத்தி குறைக்கப்பட்டது. முகமூடி அணிந்தவர்கள் சாலைகளை மறித்தார்கள். மே 28 அன்று அந்த அரசின் தலைவர் பிரையன் ஃபாக்னர் பதவி விலகினார். அது ஒன்றியவாதிகள் மட்டும் நடத்திய அரசியல் வேலைநிறுத்தம். முறையான தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. ஐம்பது ஆண்டு கழித்து நடந்ததில் கோரிக்கை சம்பளம் ஒன்றுதான், சாலை மறியல் இல்லை, இரு தரப்புத் தொழிலாளர்களும் இருந்தார்கள். இன்னொரு முன்மாதிரி மிக அருகில் இருந்தது. 2017 முதல் மூன்றாண்டுகள் சட்டமன்றம் முடங்கிக் கிடந்தபோது, 2019 டிசம்பர் 18-இல் நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற அவர்களுடைய அமைப்பின் 103 ஆண்டு வரலாற்றில் அதுவே முதல் வேலைநிறுத்தம். சில வாரங்களில், 2020 ஜனவரி 11 அன்று ஆட்சி திரும்பியது. நர்சுகளின் சம்பளம் இங்கிலாந்துக்கு இணையாக்கப்பட்டது.

ஜனவரி 18 அன்று காலையில் மருத்துவமனை, பணிமனை, பள்ளி வாசல்களில் வாயிற்கூட்டங்கள். பிறகு அங்கிருந்து ஊர்வலங்கள். பெல்ஃபாஸ்ட் நகர மன்றத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். டெர்ரியில் கில்டுஹால் சதுக்கத்திலும், ஓமா, எனிஸ்கில்லன் ஆகிய ஊர்களிலும் கூட்டங்கள் நடந்தன. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் போதவில்லை என்று சொல்லும் மனிதர் ஜனவரிக் குளிரில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுப்பது எளிதான முடிவல்ல. வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள்தான் சட்டமன்றம் சிறப்புக் கூட்டமாகக் கூடியது. அன்றும் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் கலைந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 30 அதிகாலையில் டியூபி தலைவர் ஜெஃப்ரி டொனால்ட்சன் தன் கட்சி அவைக்குத் திரும்பும் என்று அறிவித்தார். வேலைநிறுத்தம்தான் அவரை வரவழைத்தது என்று சொல்வது மிகை. கடல் எல்லைச் சோதனைகளைக் குறைப்பது பற்றி லண்டனோடு அவர் பல மாதங்கள் பேசிவந்தார். மறுநாள் வெளியான அரசு ஆவணம் அந்தப் பேச்சின் விளைவு. ஆனால் கட்சிக்குள் எதிர்ப்பை அடக்க அவருக்குக் காரணங்கள் தேவைப்பட்டன. தங்கள் வாக்காளர்களே வாயிற்கூட்டங்களில் நின்றது அவற்றில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி 3 அன்று சின் ஃபெயினின் மிஷேல் ஓநீல் முதல் அமைச்சரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தேசியவாதி அவர். டியூபியின் எம்மா லிட்டில்-பெங்கெலி துணை முதல் அமைச்சர்.

அதே பிப்ரவரியில் நிதி அமைச்சர் குவீவா ஆர்ச்சிபால்டு சம்பள உயர்வுக்காக 68 கோடியே 80 லட்சம் பவுண்டை ஒதுக்கினார். சுகாதார ஊழியர்களுக்கு 5 சதவீத உயர்வும் ஒருமுறைத் தொகையும் கிடைத்தன. ஆசிரியர் சங்கங்களோடு வசந்த காலத்தில் உடன்பாடு முடிந்தது; புதிய ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 30,000 பவுண்டானது. அந்த உடன்பாட்டுக்கு அரசுத் தரப்பில் பொறுப்பாக இருந்த கல்வி அமைச்சர் பால் கிவன். இரண்டாண்டுகளுக்கு முன் பதவி விலகி ஆட்சியை முடக்கியவரும் அவரேதான்.

ஆர்ச்சிபால்டு ஒதுக்கிய தொகை 2023-24-க்கானது. அடுத்த ஆண்டு உயர்வுக்கு அதிலிருந்து எதுவும் மிஞ்சவில்லை. மார்ச் 6 அன்று இளநிலை மருத்துவர்கள் 24 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். வட அயர்லாந்தில் அவர்கள் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. மே, ஜூன் மாதங்களில் மீண்டும் வெளியே வந்தார்கள். அதற்குள் பெல்ஃபாஸ்டில் ஒரு சுகாதார அமைச்சர் இருந்தார். பேச்சுவார்த்தை அவரோடு நடந்தது.