விவாகப் பிரிவும் ஊர்ச் சீட்டும்
(நமது சங்கத்தின் புதுக்கோட்டைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விவாகப் பிரிவு, ஜீவனாம்சம், சொத்துப் பாகம், உயில் ஆகிய நான்கைக் குறித்தும் பேசுமாறு நமது சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். இவை தனித்தனி விஷயங்கள்போலத் தோன்றினும், ஒரே கயிற்றில் விழுந்த நான்கு முடிச்சுகளேயாம். முதல் முடிச்சைப் பிழைபட அவிழ்த்தால் மற்ற மூன்றும் இறுகிப்போகும். ஆதலின் விவாகப் பிரிவைப் பற்றியே, அதிலும் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் எழுதிக்கொள்ளும் தீர்த்துவிட்ட சீட்டைப் பற்றியே, விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

விவாகம் பிரிக்கலாகாத பந்தம் என்று தர்ம சாஸ்திரம் கூறியபோதிலும், தென்னாட்டுக் குலங்கள் பலவற்றில், மனம் ஒவ்வாத தம்பதிகள் பஞ்சாயத்தார் முன் தீர்த்துக்கொள்வதும், பெண் அறுத்துக் கட்டிக்கொள்வதும் நெடுங்கால வழக்கமாக இருந்துவந்தன. இஃது இழிவன்று, பெண்ணின் துயருக்கு நம் முன்னோர் விட்டுவைத்த ஒரு வாயில். சட்டமும் குல வழக்கத்தை மதித்தே வந்திருக்கிறது. நமக்கு அயலதாகிய இராமநாதபுரம் சமஸ்தானத்தின் சுவீகார வழக்கில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய சாஸ்திரத்தையும் மிஞ்சி நிற்கும் என்று பிரிவி கௌன்ஸிலார் 1868-ஆம் வருஷத்திலேயே தீர்ப்புரைத்தனர். நமது புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சு 3-ந் தேதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. மறுவருஷமே அம்மாகாணத்தில் பலதார மணத் தடையும் விவாகப் பிரிவும் பற்றிய இந்துச் சட்டம் ஒன்று பிறந்தது. பின்னர் இந்தியா முழுமைக்கும் வந்த 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும், தனது 29-ஆம் பிரிவினால், குல வழக்கப்படி பெறும் விவாகப் பிரிவைக் காப்பாற்றியே வைத்திருக்கிறது.

இதைக் கேட்டவுடன், “அங்ஙனமாயின் நமது சீட்டுச் செல்லும் அன்றோ?” என்று சிலர் மகிழக்கூடும். அவசரப்படலாகாது. சட்டம் காப்பது வழக்கத்தையேயன்றிச் சீட்டையன்று. அவ்வழக்கம் நெடுங்காலமாக இடைவிடாமலும் ஒரே தன்மையாகவும் அனுசரிக்கப்பட்டிருக்க வேண்டும். நிச்சயமானதாகவும் நியாயமானதாகவும் இருக்கவேண்டும். பொதுநலக் கொள்கைக்கு விரோதமாக இருத்தல் கூடாது. வழக்கத்தை நம்புகிறவரே அதனை எடுத்துரைத்து நிரூபிக்கவும் வேண்டும் என்று, இத்தகைய பத்திரம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2002-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார் வற்புறுத்தினர். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, பத்துப் பேர் சாட்சி போட்டுவிட்ட மாத்திரத்தால் விவாகம் பிரிந்துவிடாது.

நிரூபணம் தவறினால் விளைவதென்ன? ஓர் உதாரணம் கூறுகிறேன். ஆலங்குடித் தாலுகாவில் ஒருவர் 10 ஏக்கர் நிலத்தைச் சுயார்ஜிதமாகச் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மனைவிக்கு ஒரு பெண். ஊர்ச் சீட்டினால் அம்மனைவியைத் தீர்த்துவிட்டு வேறொருத்தியை மணந்தார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவர் உயில் எழுதாமல் காலஞ்சென்றார், தாயார் உயிரோடிருக்கிறார். சீட்டுச் செல்லாதெனில், முதல் மனைவியே சட்டப்படி விதவை. 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி அவளுக்கும், அவள் மகளுக்கும், தாயாருக்கும், பின்னவளின் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். இருபது வருஷம் அந்நிலத்தில் உடனுழைத்த பின்னவளுக்கோ மனைவி என்ற பாத்தியதையில் ஒரு குழியும் இல்லை! பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. பிதுரார்ஜிதச் சொத்திலும் தகப்பனாருக்குரிய பங்கில் அவர்களுக்குப் பாகம் உண்டென்று சுப்ரீம் கோர்ட்டார் 2023-ல் தீர்த்தனர். ஆயினும் அவர்களைப் பெற்றவள் நடுத்தெருவில் நிற்பாள். புருஷன் உயிரோடிருக்கும்போதே முதல் மனைவி வழக்குத் தொடுத்தால், இருதார மணக் குற்றத்துக்காக அவருக்கு 7 வருஷம் வரையில் காவல் தண்டனையும் நேரலாம்.

முதல் மனைவியின் நிலையும் நன்றன்று. “இனி எனக்கும் உமக்கும் யாதொரு கொடுக்கல் வாங்கலும் இல்லை” என்று சீட்டில் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்றொரு விதி ஜீவனாம்சச் சட்டத்தில் உண்டு. அதனையும் இச்சீட்டையும் காட்டியே புருஷன் தப்ப முயல்வான். கோர்ட்டின் வாயிலாக முறையாக விவாகப் பிரிவு பெற்றவளோ, மறுமணம் செய்துகொள்ளாமலும் தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாமலும் இருக்கும் வரையில் ஜீவனாம்சம் கேட்கலாம். 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்த அவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக விளங்குகிறது. ஜீவனாம்சத்தை மனுச் செய்த தேதி முதற்கொண்டே கொடுக்கவேண்டும் என்றும், இரு திறத்தாரும் தம் வரவு, சொத்து, கடன்களைப் பிரமாணத்தோடு தெரிவிக்கவேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட்டார் 2020-ல் விதித்தனர். குழந்தைகளின் ஜீவனாம்சமோ தாயின் கையொப்பத்தால் அழியத்தக்கதன்று.

“கோர்ட்டு வாயிற்படி ஏறினால் ஆயுள் முடிந்துவிடுமே!” என்பீர்கள். இருவரும் மனமொத்தபோது அவ்வளவு காலம் செல்லாது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்த தம்பதிகள் கூடி மனுக் கொடுக்கலாம். இவ்விதி 1976-ல் உண்டாயிற்று. மனுவுக்குப் பின் ஆறு மாதம் பொறுக்கவேண்டும் என்பதையும் தக்க காரணம் இருந்தால் கோர்ட்டார் தள்ளிவிடலாம் என்று 2017-ல் தீர்ப்பாயிற்று. ஸ்திரீகளுக்கு வருமான வரம்பு பாராமலே இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்க, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

உயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு முத்திரைப் பத்திரம் வேண்டுவதில்லை. ரிஜிஸ்தர் செய்தல் கட்டாயமன்று, ஆயினும் நலம். சாட்சிகள் இருவர் அவசியம்; எழுதியவர் கையொப்பமிடுவதைக் கண்டோ, அவர் தம் கையொப்பத்தை ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் அவர்கள் கையொப்பமிட வேண்டும். பிதுரார்ஜிதத்தில் தம் பங்கை மாத்திரமே உயிலில் எழுதலாம். அப்பங்கைக் கணக்கிடும்போது பெண்மக்களையும் சேர்த்தெண்ணுக. தமிழ்நாட்டில் 1989-ல் மணமாகாத பெண்களுக்கு வந்த சம உரிமை, 2005 செப்டம்பர் 9 முதல் மணமான பெண்களுக்கும் வந்தது. அன்று தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டார் முடிவு கட்டினர்.

நமது பெரியோர்கள் பஞ்சாயத்துச் செய்யலாகாது என்பது எனது கருத்தன்று. கோபத்தைத் தணிப்பதும், நகை, சீர்வரிசைகளைத் திருப்பிக் கொடுப்பிப்பதும், குழந்தைகள் யாரிடம் வளர்வதென்று பேசி முடிப்பதும் அவர்களாலேயே நன்கு நடைபெறும். அவ்வாறு முடிந்த நிபந்தனைகளை எழுதி, இருவரையும் கோர்ட்டுக்கு அழைத்துச் சென்று, தீர்ப்பின் நகல் கைக்கு வந்தபின்னரே மறுமணத்துக்குத் தாம்பூலம் மாற்ற வேண்டுமென்று நமது சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு வேண்டிக்கொள்கிறேன். தீர்ப்பு நகல் இல்லாத மறுமணத்துக்குச் சங்கத்தின் பெரியோர் ஒருவரும் முன்னின்று தாலி எடுத்துக் கொடுக்கலாகாது. முன்னோர் திறந்த வாயில் பெண்ணைக் காப்பதற்காகத் திறந்தது. அதன் வழியே அவளை வெளியே தள்ளி அடைப்பதற்கன்று.