நூறு ரூபாயில் பத்து ரூபாய்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் லெட்ஜர் எழுதிய கை இது. அதனால் இன்றும் கணக்குதான் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பேரிடருக்கென்று அரசு கோடிக்கணக்கில் ஒதுக்குகிறதே, நாம் எதற்கு செலவு செய்ய வேண்டும்?" என்று போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. ஒதுக்குவது உண்மைதான். 2021 முதல் 2026 வரை எல்லா மாநிலங்களுக்குமாக 15-வது நிதிக்குழு பரிந்துரைத்த தொகை 1,60,153 கோடி ரூபாய். ஆனால் அது எந்தெந்தத் தலைப்பில் போகிறது என்று பாருங்கள். நூறு ரூபாயில் நாற்பது நிவாரணத்துக்கு, முப்பது சீரமைப்புக்கு, இருபது தணிப்புப் பணிகளுக்கு. முன்தயாரிப்புக்கும் பயிற்சிக்கும் பத்தே ரூபாய். புயல், வெள்ளம், தீ எல்லாம் இதன் பட்டியலில் உண்டு. பயங்கரவாதத் தாக்குதல் அதில் இல்லை.

'ஆப்த மித்ரா' என்று ஒரு நல்ல திட்டம். 369.40 கோடி ரூபாயில், 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி. தலைக்குச் சுமார் 37,000 ரூபாய் ஆகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 140 கோடி ஜனத்துக்கு ஒரு லட்சம் என்றால் 14,000 பேருக்கு ஒருவர். நம் வளாகத்தில் இருப்பது 96 வீடு.

2025 மே 7-ஆம் தேதி நாடு முழுக்க போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. நம் பக்கம் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும். நாம் டி.வி.யில் பார்த்தோம், அவ்வளவுதான். சைரன் அடித்தால் எங்கே கூடுவது என்று இன்றுவரை நாம் பேசியதில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். படகு தெருமுனை வரை வந்தது. ஆனால் மூன்றாம் மாடியில் ஆக்சிஜன் மெஷினோடு ஒரு அம்மா இருக்கிறார் என்பது, கரண்ட் போய் இரண்டாம் நாள்தான் நமக்குத் தெரிந்தது. பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அதே மாடியில் குடியிருக்கும் எனக்கே தெரியாமல் போனது. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நம் பராமரிப்புக் கணக்கில் லிஃப்டுக்குத் தலைப்பு உண்டு, தோட்டத்துக்கு உண்டு, பெயின்டுக்கும் உண்டு. முன்தயாரிப்புக்கு மட்டும் இல்லை. அதைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். தீயணைப்புக் கருவிகளை ரீஃபில் செய்வதில் ஆரம்பிக்கலாம்.

காசில்லாத வேலையும் ஒன்று உண்டு. செக்யூரிட்டி அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். படி இறங்க முடியாதவர்கள், கரண்டை நம்பி மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள், விருப்பமிருந்தால் வீட்டு எண்ணை எழுதுங்கள். முதல் வரியில் என் வீட்டு எண் இருக்கும். என் மனைவிக்கு முழங்கால் வலி.