துடைப்பம் யார் கைக்கு?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



என்னை இங்கு அழைத்த மாணவத் தோழர்கள், ஊரைவிட்டு வந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்வதாகவும், அரிசிக் கணக்கிலும் வாடகைக் கணக்கிலும் தகராறே இல்லையென்றும், கக்கூஸ் கழுவும் விஷயத்தில் மாத்திரம் தினமும் சண்டை என்றும் சொன்னார்கள். சிரிக்காதீர்கள்! இது சின்ன சங்கதியல்ல. காசைப் பங்கு போட வருகிற மனம் அழுக்கைப் பங்கு போட வருவதில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டுமல்லவா?

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், பெர்க்லி என்று ஓர் ஊர். அங்கு பெரிய சர்வகலாசாலை இருக்கிறது. உலகமெங்கும் பணமுடையும் வேலையில்லாத் திண்டாட்டமும் இருந்த 1933-ல், 14 மாணவர்கள் சேர்ந்து, குறைந்த செலவில் வாழ அங்கு ஒரு கூட்டுறவு விடுதி தொடங்கினார்கள். தங்கள் வேலையைத் தாங்களே பங்கிட்டுக்கொண்டால்தான் செலவு குறையும் என்று கண்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவிகள் அதில் இருக்கிறார்கள். அதன் விடுதிகளில் இருப்பவர் வாரம் 5 மணி நேரம் பொதுவேலை செய்ய வேண்டும் என்பது விதி. சமைப்பது, பாத்திரம் விளக்குவது, கூட்டுவது, குப்பை கொட்டுவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கத் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தெரிந்தெடுக்கிறார்கள். தட்டிக் கழித்தவருக்கு அபராதம்.

“சிநேகிதர்களுக்குள் கணக்கு எதற்கு? அவரவர் மனசாட்சிப்படி செய்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். வாலிப வயதில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் குடியிருந்தோம். ஆறு பேரும் ஜாதி ஒழிய வேண்டுமென்று மேடை ஏறுகிறவர்கள்! எங்களில் ஒரு தோழர் மாத்திரம் தினமும் விடியுமுன் எழுந்து கூட்டிக் கழுவி வைத்துவிடுவார். அவரைச் செய்யச் சொன்னவர் யாருமில்லை. ஆனால், தடுத்தவரும் யாருமில்லை. “தங்கமான பிள்ளை” என்று மெச்சிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறிடம் போய்விட்டார். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் போன பிறகுதான், அந்த ஆறு பேரில் அவர் ஒருவர்தானே சேரியிலிருந்து வந்தவர் என்பது எங்கள் புத்திக்கு எட்டியது. கூட்டத்தில் ஒழித்த ஜாதியை எங்கள் கக்கூஸில் காப்பாற்றி வைத்திருந்தோம்! நாங்கள் மெச்சிய மெச்சுதல்தான் அவருக்கு நாங்கள் கொடுத்த கூலி.

தோழர்களே! கணக்கு இல்லாத இடத்தில் மனசாட்சி வேலை செய்வதில்லை. பழக்கம்தான் வேலை செய்கிறது. நம் நாட்டுப் பழக்கம் என்ன? துடைப்பத்தை வீட்டுக்குள் பெண்ணின் கையிலும், தெருவில் கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவர் கையிலும் கொடுத்து வைத்த பழக்கம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் செய்தார்கள். அப்புறமும் சாக்கடைக் குழியில் இறங்கிச் சாகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஜாதியார் என்று நீங்களே பாருங்கள்.

“படிக்க வந்தவனுக்கு நேரம் ஏது?” என்பது இன்னொரு கேள்வி. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 5 போனால் 163 மீதி. இந்தக் கழித்தல் கணக்கு தெரியாதவன் படித்து என்ன ஆகப்போகிறது?

ஆகவே இன்று இரவே ஒரு காகிதத்தில் எல்லோர் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கக்கூஸ் முறை வாரம் ஒருவராக எல்லோருக்கும் சுற்றி வரட்டும். தவறினவன் அடுத்த வாரம் இரட்டிப்பாகச் செய்யட்டும். அபராதம் என்று காசு வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். விட்டால், பணக்காரப் பிள்ளை காசை வீசிவிட்டு உட்கார்ந்துகொள்வான், பழைய கதைதான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோங்கள். இங்கே கூட்டிவிட்டு, அங்கே தங்கை கூட்டட்டும் என்று திண்ணையில் சாய்ந்தால் அது சுயமரியாதையாகாது.

நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு மாதம் செய்து பாருங்கள். சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.