செம்பருத்தியும் இடமாற்றமும்

உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நம் போன்றோர்க்கு, மாற்றல் உத்தரவு வந்தால் பாத்திரம் பண்டங்களைக் கட்டுவது எளிது. வாசற்செடியைப் பெயர்த்துக்கொண்டு போவதுதான் அரிது. டில்லியில் எங்கள் வீட்டு வாசலில், தஞ்சையிலிருந்து தாயார் கொணர்ந்து வைத்த செம்பருத்தி ஒன்று நின்றது. ஒரு ஜனவரியில் வீடு மாற நேர்ந்தபோது, அதை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் புது வீட்டில் நட்டு, மறு பாதியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தோம். இரண்டும் பட்டுப்போயின.

பிழை எங்களுடையதே. எல்லாச் செடிகளையும் பிரித்து நட முடியாது. கல்வாழைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. முளைக்கண் ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். அதனைக் குளிர் கழிந்த பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் கண் சிதையாமல் அறுத்து நடலாம். சாமந்தி பூத்து ஓய்ந்ததும், அடியில் எழும் பக்கக்கன்றுகளை வேரோடு பிரிக்கலாம். கறிவேப்பிலையின் வேரில் கிளைக்கும் கன்றையும் அவ்வாறே எடுக்கலாம். செம்பருத்தியோ மரத்தன்மையுடைய செடி. அதைப் பிளந்தால் தண்டும் வேரும் காயப்படுமேயன்றிச் செடி இரண்டாகாது. அதிலும் வடநாட்டுக் குளிரில் அது புதுவேர் விடாது.

செம்பருத்திக்கு உற்ற வழி போத்து நடுதலே. மழை தொடங்கிய ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், பென்சில் பருமனுள்ள, பூ மொட்டில்லாத கிளையை 6 அங்குல நீளத்திற்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. நுனியில் 2 இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுக. மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் 2 கணுக்கள் புதையுமாறு ஊன்றி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காத்துவருக. நீர் தேங்கினால் அழுகிவிடும். சில வாரங்களில் வேர் பிடித்துத் துளிர் விடும்.

முழுச் செடியையே பெயர்க்க வேண்டுமாயின், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, வேரைச் சுற்றிய மண் உதிராதபடி சாக்கில் கட்டி, மாலை வேளையில் நட்டு, சில நாள் நிழல் தருக.

எங்கள் செடி முற்றிலும் அழிந்ததா? இல்லை. தாயார் முன்னொரு மழைக்காலத்தில், கரோல்பாக்கில் இருந்த ஒரு குடும்பத்திற்குப் போத்து ஒன்று கொடுத்திருந்தார். அங்கிருந்து மீண்டும் ஒரு கிளை கேட்டு வாங்கி வந்தோம். தாயார் மறைந்த பின்னும் அது எங்கள் வாசலில் பூக்கிறது.

ஆகவே நேயர்களே, மாற்றல் உத்தரவு வரும்வரை காத்திராதீர்கள். இந்த மழைக்காலத்திலேயே உங்கள் செடியின் போத்தை இரண்டு வீடுகளுக்குக் கொடுத்து வையுங்கள். நாம் வைத்துக்கொண்டது போனாலும், கொடுத்தது நிற்கும்.